கொம்பனிக் கறுப்பு

போன கிழமை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒருவர் பழைய படமொன்றைப் போட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கரம்பொன்னில் எங்கள் கோயில் பெருநாள், வெஸ்பர் என்கிற மாலை ஆராதனை முடிந்த கையோடு எடுத்த படம். நடுவில் பாட்டு மாஸ்ரரின் மகன் கிற்றாரைக் கட்டிப்பிடித்தபடி நிற்கிறான். பக்கத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி. வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைவரை சுருட்டி, அம்பிளிபயர் பெட்டியின் மேல் ஒரு கையை வைத்திருக்கிறார். தான் பெற்ற பிள்ளையின் தலையைத் தொடுவது போல ஒரு பெருமை.

கீழே நாற்பது பேர் இதயம் போட்டிருந்தீர்கள். “எங்கடை பொற்காலம்” என்று கனடாவில் இருந்து ஒருவர். “தீவுப் பகுதிக்கே முதல் எலெக்ரிக் கிற்றார் எங்கடை ஊரிலைதான்” என்று நோர்வேயில் இருந்து இன்னொருவர். நான் மூன்று தரம் பதில் எழுதினேன், மூன்று தரமும் அழித்தேன். போனில் ஒற்றை விரலால் எழுதி முடிகிற விஷயம் இல்லை இது. கொப்பியை எடுத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் படத்தில் கிற்றாரோடு நிற்க வேண்டியவள் என் அக்கா. அவள் ஏன் அதில் இல்லை என்று உங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஒரே கோயிலில் ஒரே பாயில் இருந்து வளர்ந்தவர்கள். உங்களுக்கு மறந்துவிட்டது, அவ்வளவுதான். எனக்கு மறக்கவில்லை. ஐம்பது வருடமாகக் கோபமாக இருக்கிறேன், இந்த மாதம் அந்தக் கோபத்தின் முகவரியும் மாறிப்போயிற்று. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் லாம்பு. எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் இல்லை. கோயிலுக்கும் கோயில் ஹோலுக்கும் றோட்டோரத்துச் சில வீடுகளுக்கும்தான் இருந்தது. எங்களிடம் நாலு மண்ணெண்ணெய் லாம்புகள். சிமினிக் கண்ணாடி துடைப்பது என் வேலை. பத்து வயதில் என் கை ஒன்றுதான் சிமினிக்குள் முழுதாகப் போகும். பின்னேரம் பள்ளிக்கூடத்தால் வந்ததும் குசினிக்குப் பின்னால் இருந்த சாம்பல் குவியலடிக்குப் போவேன். கரித்துண்டு கலவாமல் மெல்லிய சாம்பலாக அரித்தெடுத்து, அம்மாவின் பழஞ்சேலைத் துண்டில் தொட்டு, சிமினிக்குள் விட்டுச் சுழற்றுவேன். எண்ணெய்ப் புகையும் சாம்பலும் கலந்த மணம் இரவு சோறு சாப்பிடும்போதும் விரலில் இருக்கும்.

சிமினி கறுத்திருந்தால் வீட்டில் விசாரணை நடக்கும். “ஆர் திரியைக் கூட்டினது?” என்று அப்பா கேட்பார். அவர் கடற்றொழில்காரர். எண்ணெய் வீணாவதைப் பொறுக்கமாட்டார். சிமினி தானாகக் கறுக்காது, யாரோ ஒருவர் ஆசைப்பட்டுத் திரியைக் கூட்டியிருக்க வேண்டும். அந்த யாரோ அனேகமாக அக்காதான், ஏனென்றால் அவள் புத்தகம் வாசிக்கிறவள். அப்படியே அது வீட்டுச் சட்டமாகிவிட்டது. கறுப்பு என்றால் குற்றம் நடந்திருக்கிறது, குற்றம் என்றால் அக்கா.

மாமா கப்பலில் வேலை செய்தார். எஞ்சின் றூமில் என்று அவரே சொன்னார், நாங்கள் நம்பினோம். லீவில் வந்து நின்றால் ஊரில் பழுதான சாமான் எல்லாம் எங்கள் முற்றத்துக்கு வரும். தையல் மெஷின், சைக்கிள் டைனமோ, எங்கள் பங்குச் சுவாமியாரின் மணிக்கூடு. சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றைக் கொன்றார். கொன்றவற்றுக்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பார். “அனலைதீவு லோஞ்ச் நடுக்கடலிலை நிண்டாலும் என்னைத்தான் கூப்பிடுறவங்கள்” என்பார். கூப்பிட்டதை நான் ஒருநாளும் காணவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, அவருடைய செத்தவீட்டுக்கு அவரோடு கப்பலில் இருந்த மனிதர் ஒருவர் வந்தார். பந்தலுக்குள் இருந்து மாமாவைப் புகழ்ந்தார். “குசினியிலை அவரை அடிக்க ஆளில்லை. அவர் உருளைக்கிழங்கு உரிச்சால் தோல் ஒரே நீட்டுக்கு வரும்.” நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அழுகை வந்தது. அது துக்கத்தில் வந்த அழுகை இல்லை.

அந்த மாமாதான் கிற்றாரையும் பெட்டியையும் எந்தத் துறைமுகத்திலோ வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டி மரத்தாலானது, சூட்கேசுக்குப் போடுவது போன்ற மண்ணிறத் துணி ஒட்டியிருந்தது. முன்பக்கம் பொன்னூல் ஓடிய சீலை. பின்பக்கம் திறந்தே கிடக்கும். உள்ளே என் விரல் நீளத்தில் நாலு கண்ணாடி வால்வுகள் நிரையாக நிற்கும். ஹோலில் சுவிச்சைப் போட்டால் உடனே சத்தம் வராது, காத்திருக்க வேண்டும். முதலில் ஒவ்வொரு வால்வுக்குள்ளும் செம்மஞ்சளாக ஒரு பொட்டு தெரியும். பிறகு தூசி காய்கிற மணம் வரும். பிறகு பெட்டி மெல்ல மூச்சு விடத் தொடங்கும். நாங்கள் சின்னதுகள் பின்பக்கமாகக் குந்தியிருந்து அதைத்தான் பார்ப்போம். முன்னால் நடக்கிற வாசிப்பு எங்களுக்கு இரண்டாம் பட்சம்.

மாமாவுக்கு வாசிக்க வரவில்லை. மாதக்கணக்கில் முயன்றார். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடத்தில் பாட்டுப் படிப்பிக்கிற கன்னியாஸ்திரி, சிஸ்ரர் என்றுதான் கூப்பிடுவோம், தன்னுடைய சாதாரணக் கிற்றாரில் அவளுக்குப் பழக்கியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சலித்துப்போய் எலெக்ரிக் கிற்றாரை அவள் மடியில் வைத்தார். அவள் வாசித்தாள். “என்ரை மருமோள்” என்று மாமா ஹோல் வாசலில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். பிறகு ஆட்கள் மருமகளைப் பற்றி மட்டும் கதைக்கத் தொடங்கினார்கள். அப்போது அந்தச் சொல் நின்றுபோயிற்று.

வீட்டில் கரண்ட் இல்லாததால் அக்கா குசினி வாங்குப் பலகையின் விளிம்பில் விரலை வைத்துப் பழகுவாள். சத்தமே இல்லாமல் ஒரு பாட்டு முழுவதும் வாசிப்பாள். இடது கை விரல் நுனிகள் நெல்லுமணி போல இறுகிக் கிடந்தன. அந்த விரலால் என் காதைப் பிடித்துத் திருகினால் இரண்டு நாளைக்கு நோகும். அவளிடம் அடி வாங்கியதும் உண்டு, அவள் கையால் குழைத்த சோறு சாப்பிட்டதும் உண்டு. எந்த அக்காவையும் போலத்தான்.

அந்த வருடம் சுவாமியார், “பெருநாள் வெஸ்பருக்கு இந்தப் பிள்ளை வாசிக்கட்டும்” என்று சொல்லிவிட்டார். சிஸ்ரர் இன்னொன்று செய்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற பெரிய கன்னியர் மடத்துத் தலைவியை வெஸ்பருக்கு வரச் சொல்லியிருந்தார். அங்கே சின்ன வகுப்புகளுக்குப் பாட்டுப் படிப்பிக்க ஓர் ஆள் தேவை. மடத்திலேயே தங்கலாம், மேலே படிக்கலாம். அக்கா வாசிப்பதைத் தலைவி ஒருதரம் கேட்டால் போதும் என்று சிஸ்ரர் அம்மாவிடம் வந்து சொன்னார். தீவை விட்டுப் போக, கல்யாணம் இல்லாமல் வேறொரு வழி இருக்கிறது என்பதே எங்கள் வீட்டுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அக்கா வெள்ளைச் சட்டை ஒன்று தைத்து அலுமாரியில் மடித்து வைத்தாள். பெருநாள் வரைக்கும் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பெருநாளுக்குக் கொடியேறி நாலாம் நாள் பெட்டி செத்தது.

சோளகக் காற்று மூசிக்கொண்டிருந்தது. பல்லுக்குள் மணல் நறநறத்தது, கதவுப் பூட்டெல்லாம் உப்புப் படிந்து திறக்க மறுத்தது. பின்னேரம் நாலு மணிக்கு அக்காவும் பாட்டுக் குழுவும் ஹோலில் பழகப் போனார்கள். நானும் போனேன், வழமைபோலப் பெட்டிக்குப் பின்னால் இருந்தேன். அக்கா சுவிச்சைப் போட்டாள். முன்பக்கத்துச் சிவப்பு லைற் எரிந்தது. நாலு வால்வில் ஒன்றில் மட்டும் பொட்டு வந்தது, மற்ற மூன்றும் இருட்டு. அக்கா நரம்பைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். பிறகும் காத்திருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் வந்து, கரண்டை நிப்பாட்டி, ஒரு வால்வை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார். வால்வின் தலையில், கண்ணாடிக்கு உட்புறமாக, கன்னங்கரேலென்று ஒரு திட்டு. மற்ற மூன்றையும் பிடுங்கினார். நாலிலும் அதே கறுப்பு.

“கருகிப்போச்சு” என்றார். “சத்தத்தைக் கூட்டிப்போட்டாள்.”

இப்போது விளங்குகிறதா. மனிதருக்கு வால்வைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் லாம்பைப் பற்றித் தெரியும். கண்ணாடி கறுத்திருக்கிறது, ஆகவே யாரோ திரியைக் கூட்டியிருக்கிறார்கள். கூட்டுகிறவள் யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அன்று பொழுதுபட எங்கள் வீட்டு விறாந்தையில் விசாரணை. அப்பா ஒரு கதிரையில், மாமா ஒரு கதிரையில், பாட்டு மாஸ்ரர் ஒன்றில். அம்மா குசினி வாசலில். அக்கா அலுமாரியோடு ஒட்டி நின்றாள். பாட்டு மாஸ்ரரின் மகனைக் கேட்டார்கள். அவனும் கிற்றார் பழகியவன், அக்கா இல்லாவிட்டால் அடுத்த ஆள் அவன்தான். “ஓம், கொஞ்சம் கூட்டினவா மாதிரித்தான் கிடந்தது” என்றான். கோயில் மணி அடிக்கிறவரைக் கேட்டார்கள். தனக்கு மணியடி வரைக்கும் சத்தம் கேட்டது என்று அவர் சொன்னார். அது அதற்கு முந்தின நாள் கேட்ட சத்தம், அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

“நான் கூட்டேல்லை” என்றாள் அக்கா.

“உன்னை ஆர் கேட்டது?” என்றார் அப்பா.

உண்மைதான். எல்லோரையும் கேட்டார்கள், அவளைக் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இருந்தாலும் ஒரு நியாயம் வேண்டியிருந்தது. “நீர் வடிவாப் பாத்தனீரோ?” என்று மாமாவைக் கேட்டார். “உது கருகினதுதானோ, இல்லாட்டி உதின்ரை நிறமே உதுதானோ?”

“அத்தான், நான் எத்தினை கப்பல் பாத்தனான்” என்றார் மாமா. பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. “சின்னவளைக் கேளுங்கோ. நாளும் பொழுதும் சிமினி துடைக்கிறவள். அவளுக்குத் தெரியாத கறுப்போ?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பெரிய ஆட்கள் என்னிடம் ஒரு விஷயம் கேட்பது அதுதான் முதல்தரம். நான் எழுந்து போனேன். மாமா வால்வை என் உள்ளங்கையில் வைத்தார். லேசாக இருந்தது. சட்டை நுனியால் துடைத்துப் பார்த்தேன், கறுப்புப் போகவில்லை. சிமினிக்கு இரண்டு பக்கமும் வாய் இருக்கும், இதற்கு வாயே இல்லை. மணந்தும் பார்த்தேன்.

“ஓம்” என்றேன். “கருகினதுதான்.”

மாமா என் தலையைத் தடவினார். அப்பா அக்காவைப் பார்க்காமலே தீர்ப்புச் சொன்னார். இனி அவள் கிற்றாரைத் தொடக்கூடாது, வெஸ்பருக்குப் பாட்டு மாஸ்ரரின் மகன் வாசிப்பான். அம்மா வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு ஓடு போட்டது மாமாவின் உழைப்பில். அதை அவர் சொல்லிக் காட்டியதில்லை, சொல்லிக் காட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை மாமா பஸ் எடுத்து யாழ்ப்பாணம் போனார். பின்னேரம் நாலு சின்ன மட்டைப் பெட்டிகளோடு வந்தார். புது வால்வுகள். ஹோலில் கொழுவுகிற வேலையை என்னிடம்தான் தந்தார், அவருடைய விரல்கள் தடிப்பு. வால்வுக்கு அடியில் ஊசி ஊசியாகக் கம்பிகள் வட்டமாக இருக்கும், ஒரு இடத்தில் மட்டும் இடைவெளி கூட. அந்த இடைவெளியைப் பார்த்துத் திருப்பி, மெல்ல ஆட்டி ஆட்டி அமத்த வேண்டும். கொழுவுகிற துளைகளைச் சுற்றிப் பச்சையாக இருந்தது, கோயில் பித்தளைக் குத்துவிளக்கில் வருமே, அந்தக் களிம்பு.

“மாமா, இதுக்குள்ளை பச்சையாக் கிடக்கு.”

“கதையாமல் கொழுவு.”

முதல் மட்டைப் பெட்டியை உடைத்து வால்வை வெளியே எடுத்தேன். புது வால்வு. யாரும் பாவிக்காதது, யாரும் கூட்டாதது. அதன் தலையிலும் அதே திட்டு, கன்னங்கரேலென்று.

“மாமா, இதுவும் கறுப்பாத்தான் கிடக்கு.”

அவர் என் கையில் இருந்து வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். நான் அந்த முகத்தை இந்த ஐம்பது வருடத்தில் எத்தனை தரம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. அந்த இடத்தில் அவர் “ஐயோ, பிழை விட்டிட்டன்” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பெருநாளுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

“அது வேறை” என்றார். “இது கொம்பனிக் கறுப்பு. மற்றது எரிஞ்ச கறுப்பு.”

கொம்பனிக் கறுப்பு. பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதுமாக இருந்தது. கொம்பனி என்றால் பெரிய இடம், பெரிய இடத்தில் கறுப்பும் வேறு மாதிரித்தான் இருக்கும். நாலையும் கொழுவினேன். சுவிச்சைப் போட்டார்கள். நாலு பொட்டும் வந்தது, பெட்டி மூச்சு விட்டது. பாட்டு மாஸ்ரரின் மகன் நரம்பைத் தட்டச் சத்தம் ஹோலை நிறைத்தது. “பாத்தியளே” என்றார் மாமா. எல்லோரும் பார்த்தார்கள். அதற்கு மேல் யாருக்கும் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

பழைய நாலையும் எறியச் சொல்லி என்னிடம் தந்தார். கொண்டுபோய்ச் சாம்பல் குவியலில் போட்டேன். அன்று மாமா எனக்கு ஒரு சின்ன ரோச் லைற் தந்தார், கப்பலில் இருந்து கொண்டுவந்தது, நிக்கல் பூச்சு மினுங்கும். நான் உண்மை பேசினதற்கு. இரவு போர்வைக்குள் அடித்து அடித்துப் பார்த்தேன். பக்கத்துப் பாயில் அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஊரைவிட்டு வெளிக்கிட்ட காலத்தில் அந்த ரோச் எங்கேயோ தொலைந்தது. தொலைந்தது நல்லது.

வெஸ்பருக்குத் தலைவி வந்தார். அக்கா பெண்கள் பக்கத்தில், எங்களோடு பாயில் இருந்தாள். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். பாட்டு மாஸ்ரரின் மகன் வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான், பொய் சொல்லமாட்டேன். முடிந்த பிறகு சிஸ்ரர் ஓடிவந்து அம்மாவிடம் என்ன நடந்தது என்று கேட்டார். “அவளுக்குக் காய்ச்சல் சிஸ்ரர்” என்றா அம்மா, அக்கா பக்கத்தில் நிற்கும்போதே. சிஸ்ரர் அக்காவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலைவியோடு காரில் ஏறிவிட்டார். அந்த நேரத்தில்தான் வெளியே அந்தப் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமா திரும்பக் கப்பலேறும்போது கிற்றாரைக் கொழும்பில் யாருக்கோ கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் அக்காவைச் சுருவில் ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனிதர், இப்போது இல்லை. பெட்டி ஹோலிலேயே இருந்தது. நாங்கள் இடம்பெயர்ந்து, பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது ஹோலுக்குக் கூரை இல்லை. பெட்டியின் தகரச் சட்டம் மட்டும் துருப்பிடித்து மூலையில் கிடந்தது. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா எங்கள் பழைய வீட்டுக்கு வந்தாள். நான் இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறேன்.

அக்காவின் மகன், என் பெறாமகன், ஊர்காவற்றுறைக்கு வேலை மாற்றலாகி வந்து இரண்டு வருடமாகத் தாயோடு இருக்கிறான். நாற்பத்து நாலு வயது. அவனுக்குக் கிற்றார் பைத்தியம். பழைய காலத்து வால்வுப் பெட்டிதான் வேண்டும் என்று தேடி வாங்கி வைத்திருக்கிறான். இந்த வருடப் பெருநாளுக்கு அவன்தான் வாசிக்கப் போகிறான். போன சனிக்கிழமை, அந்தப் படம் குழுவில் வந்து இரண்டு நாளில், நான் அங்கே போனேன். சோளகக் காற்று. அவன் விறாந்தையில் பெட்டியைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தான்.

“சத்தம் வருகுதில்லை சின்னம்மா.”

ஒரு வால்வைப் பிடுங்கினான். தலையில் கன்னங்கரேலென்று அந்தத் திட்டு. அறுபத்து மூன்று வயதுக்காரி நான் கேட்ட கேள்வியைப் பாருங்கள்.

“தம்பி, உது கொம்பனிக் கறுப்போ, எரிஞ்ச கறுப்போ?”

அவன் சிரித்தான். “கறுப்பு ஒண்டுதான் சின்னம்மா. செய்யேக்கையே உள்ளுக்குப் பூசுறது, மிச்சக் காத்தை இழுக்கிறதுக்கு. உது கறுப்பா மினுங்கினால் வால்வு சுகமாக் கிடக்கு எண்டு அர்த்தம். வெள்ளையாப் போனால்தான் செத்தது.”

“அப்ப ஏன் வேலை செய்யுதில்லை?”

“உப்புக் காத்து. இதைப் பாருங்கோ, பச்சை பிடிச்சிருக்கு.” கம்பிகளைக் காட்டினான். “ஒருக்காக் கழட்டித் திருப்பிக் கொழுவினாலே பாதி வருத்தம் போயிடும்.” ஸ்பிரிற் தொட்டுத் துடைத்து, அதே வால்வுகளைத் திருப்பிக் கொழுவிச் சுவிச்சைப் போட்டான். பொட்டு வந்தது, தூசி மணம் வந்தது, பெட்டி மூச்சு விட்டது.

புது வால்வுகள் எந்தப் பழுதையும் தீர்க்கவில்லை. நான் ஆட்டி ஆட்டிக் கொழுவியதில் களிம்பு உரஞ்சிப் போனது, அவ்வளவுதான் நடந்தது. மாமா பிடுங்கிய நாலையும் அதே நிமிடம் திருப்பிச் செருகியிருந்தால் அக்கா அன்று பின்னேரமே வாசித்திருப்பாள். பச்சையைச் சொன்னேன், வாயை மூடச் சொன்னார்கள். கறுப்பைச் சொன்னேன், தலையைத் தடவினார்கள். உருளைக்கிழங்கு உரிக்கிற ஒரு மனிதனின் வாய்ச்சவடாலுக்கு அவளுடைய சீவியத்தைக் கொடுத்துவிட்டோம். செத்த மனிதரை எழுப்பிக் கேட்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தோடு குசினிக்குப் போனேன்.

அக்கா பலகையில் குந்தியிருந்து கணவாய் கழுவிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் கணவாய் மையில் கறுத்திருந்தது.

“அக்கா, அந்த வால்வு கருகேல்லை.”

எந்த வால்வு என்று அவள் கேட்கவில்லை. “தெரியும்” என்றாள்.

“என்னெண்டு தெரியும்?”

“பெருநாளுக்கு முதல் நாள் ஹோல் துப்புரவாக்கப் போனனாங்கள். நீயும் வந்தனீ, வெளியிலை கொடி கட்டிக்கொண்டு நிண்டனீ. நான் சாம்பலுக்கை கிடந்த நாலையும் மடியிலை கட்டிக்கொண்டு போனனான். புதுசைக் கழட்டிப்போட்டுக் கொழுவிப் பாத்தன். எரிஞ்சுது. அப்பிடியே விட்டிட்டு வந்திட்டன்.”

“அப்ப வெஸ்பருக்கு?”

“ஓம். கருகின வால்விலைதான் அவன் வாசிச்சவன்.”

“புதுசு நாலும் எங்கை?”

“அம்மாட்டைக் குடுத்துச் சொன்னனான். அம்மா சீலைத்துண்டிலை கல்லோடை முடிஞ்சு கிணத்துக்கை போட்டா. தம்பியின்ரை மானம் போயிடும், ஆருக்கும் சொல்லாதை எண்டா.” ஒரு கணவாயின் தோலை உரித்து அப்பால் வைத்தாள். “பிறகுதான் எனக்குக் காய்ச்சல் வந்தது.”

அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது. அதன் தண்ணீரில்தான் வளர்ந்தோம். அம்மாவும் தெரிந்துகொண்டே சிஸ்ரரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறா.

“ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை? ஐம்பது வருசமா நான் மாமாவைத் திட்டிக்கொண்டு திரியிறன். நீ கேட்டுக்கொண்டு இருந்தனீ.”

“உன்னட்டை என்னத்தைச் சொல்லுறது. நீதானே ஓம் எண்டு சொன்னனீ.”

“எனக்குப் பத்து வயசு. எனக்கு என்ன தெரியும்.”

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். குரலை உயர்த்தவில்லை. “நீ வால்வை மணந்து பாத்தனீ. புகை மணம் இல்லை. உனக்கு விளங்கினது. பேந்து மாமாவின்ரை முகத்தைப் பாத்தனீ. பேந்துதான் ஓம் எண்டு சொன்னனீ. நான் உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

நான் வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்னது சரி. புகை மணம் இல்லை. கண்ணாடிக்கு வாய் இல்லை, புகை வர வழியும் இல்லை. என் விரலில் நாளும் பொழுதும் இருந்த மணம் அதில் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. பெரிய ஆட்கள் கேட்கிறார்கள் என்ற பெருமையில், அவர்களுக்கு எந்தப் பதில் வேண்டும் என்று பார்த்துச் சொன்னேன். ஐம்பது வருடமாக மாமாவின் முகத்தை நினைத்து நினைத்துக் கோபப்பட்டவள், என் முகத்தை ஒருதரமாவது நினைத்துப் பார்க்கவில்லை. மாமாவில் எனக்கு இப்போதும் கோபம்தான். ஆனால் அந்தப் படத்தில் அவருக்குப் பக்கத்தில், ரோச் லைற்றைப் பிடித்தபடி, நானும் நிற்க வேண்டும்.

விறாந்தையில் பெறாமகன் வாசிக்கத் தொடங்கியிருந்தான். மெல்லியதாகத்தான் கேட்டது. பாதியில் நிறுத்தினான்.

“சின்னம்மா, அங்கை வடிவாக் கேக்குதோ? சத்தம் காணுமோ, கூட்டவோ?”

“என்னைக் கேளாதை” என்றேன். “கொம்மாவைக் கேள்.”

“அம்மாவுக்கு உதிலை என்ன தெரியும்?”

அவன் நையாண்டி பண்ணவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். தாய் ஒரு நாள் இதே ஊரில் கிற்றார் வாசித்தவள் என்று நாற்பத்து நாலு வருடத்தில் அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அக்கா கையைக் கழுவினாள். மை முழுதாகப் போகவில்லை. சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, எழும்பிக் குசினி வாசலடிக்குப் போய் நின்றாள்.

“கூட்டு” என்றாள்.